உரிமை கோரப்படாத ஒரு கிளப்

பத்து வருஷம் யாரும் தொடாத கணக்குகளில் கிடக்கும் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு அனுப்பிவிட வேண்டும். 2014லிருந்து இது விதி. எங்கள் கிளையில் அதற்கான பட்டியலைத் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் இறந்துபோனவர்களின் பெயர்கள். அல்லது பிரான்சுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். காரைக்காலில் இரண்டு வகைக்கும் பஞ்சமில்லை. யோசிக்காமல் செய்துவிடுகிற வேலைதான். ஒருநாள் மாலை அந்தப் பட்டியலில் ஒரு புட்பால் கிளப்பின் பெயர் வந்தது. இருப்பு 4,217 ரூபாய். கடைசியாகப் பணம் கட்டியது 2013 மார்ச். கணக்கை இயக்க அதிகாரம் பெற்றவர்கள் இரண்டு பேர்: காரியதரிசி, பொருளாளர். பொருளாளரின் கையெழுத்து எனக்குப் பரிச்சயமானது. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகள் எல்லாவற்றிலும் அதே கையெழுத்துதான்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, 'சின்ன கிளப்தானே சார், அனுப்பிவிடுங்க' என்றார். தொகையைப் பார்த்துச் சொன்னார்; தப்பில்லை. ஆனால் அந்தச் 'சின்ன' என்ற சொல் வீடுவரை கூடவே வந்தது. விமர்சனம் எழுதுகிறவன் என்று பெயர் பண்ணிக்கொண்டு, பெரிய கவி, சிறிய கவி என்று பத்து வருஷமாகப் பிரித்துக் கொண்டிருக்கிறேன். ஒரு கிளப்பை எதை வைத்துப் பெரியது, சிறியது என்பது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பெயரை இங்கே எழுதவில்லை. வாடிக்கையாளரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் பழக்கம். கிளப் என்றால் கட்டடம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இரண்டு வலைகள், ஒரு பம்பு, ஒரு சுற்று ஜெர்சி, மூன்று பாஸ் புத்தகங்கள். அப்பா 1970களில் அதற்குக் கோல்கீப்பர். முழங்கால் போனதும் பொருளாளர் ஆனார். நாகப்பட்டினம் பக்கம் ஒரு தடவை சுழற்கோப்பை வாங்கியிருக்கிறார்கள். சுழற்கோப்பை என்பதால் மறுவருஷம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போடுவது, ஆட்டம் தொடங்கியதும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே போகிற பந்தை எடுத்துப் போடுவது ஆகியவை என் பொறுப்புகள். நான் அங்கே உட்கார்ந்துதான் நிறையப் படித்தேன் என்பதிலிருந்து என் ஈடுபாட்டின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு அணி வந்தது. நிறுவன அணி, விளையாட்டுக்காகவே வேலை கொடுக்கப்பட்டவர்கள். ஏழு கோல் போட்டார்கள். பந்து வலைக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் அதை எடுக்கப் போனவன் நான்தான். மூன்றாவது கோலுக்குப் பிறகு கூட்டம் அந்த அணிக்கே கைதட்ட ஆரம்பித்தது. நானும் தட்டியிருப்பேன், அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்காவிட்டால். இரவு அவர் நோட்டில் கணக்கு எழுதினார். சுண்ணாம்பு, சோடா, எதிரணிக்கு டிபன் என்றெல்லாம் எழுதி, கீழே '0–7. நல்ல மாட்ச்' என்று முடித்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. தோற்றதைவிட அந்த 'நல்ல மாட்ச்' அதிக அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் திடலுக்குப் போவது குறைந்தது.

எலியட் 1944ல் ஒரு சொற்பொழிவில் சிறிய கவிதை என்றால் என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அளவையோ புகழையோ வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று பல வழிகளில் சுற்றிக் காட்டுகிறார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: சிலரைத் தொகுப்பில் நாலு கவிதை படித்தால் போதும், வேறு சிலரை முழுக்கப் படித்தாக வேண்டும். நல்ல கவிதைகள் மோசமானவற்றையும் சேர்த்துப் படிக்கும்போதே முழு அர்த்தம் தருகிற கவி ஒருவர் உண்டென்றால் அவர்தான் பெரியவர். இதைக் கிளப்புகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வென்ற ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதும் என்கிற கிளப் உண்டு. தோற்ற வருஷங்களையும் சேர்த்துத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்கிற கிளப்பும் உண்டு.

முதல் வகைக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று ஜெயித்து ஐ-லீக் பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப் அந்த வருஷமே அதில் பங்கு வாங்கியது. அன்று இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. செய்தி தெரிந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பெயர் சென்னை, ஆடிய மண் கோவை, நான் இருப்பது காரைக்கால். 2021–22 பருவத்து ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. இரண்டு ஊர்களில் எந்த ஊரும் அதற்காகத் தூக்கம் இழந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டம் போலியானதல்ல. தொகுப்பில் இடம்பெறும் நல்ல கவிதை அது. ஆனால் தொகுப்புக்கு வெளியே அந்தக் கவி இல்லை.

கல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஏ.டி.கே. என்ற கிளப் 2014ல் பிறந்து இந்தியன் சூப்பர் லீக்கை மூன்று தடவை வென்றது. பணமும் இருந்தது, கோப்பையும் இருந்தது. 2020ல் அதை மோகன் பகானுடன் இணைத்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்று பெயர் வைத்தார்கள். மோகன் பகான் 1889ல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று, ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஷீல்டு வாங்கியது. ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: முன்னால் ஒட்டியிருக்கும் அந்த மூன்று எழுத்தை எடுங்கள். 2023ல், அதே பெயரில் லீக் கோப்பையை வென்ற கையோடு, உரிமையாளர்கள் எடுத்துவிட்டார்கள். மூன்று கோப்பை வாங்கிய பெயர் போய்விட்டது. அதைக் காப்பாற்ற ஒரு ஊர்வலம் கிடையாது. ஈஸ்ட் பெங்காலையும் சொல்ல வேண்டும். 1920ல் தொடங்கியது; பிரிவினையில் மண்ணை இழந்து வந்தவர்கள் அதைத் தங்கள் ஊராகவே ஆக்கிக்கொண்டார்கள். 2021–22ல் சூப்பர் லீக்கில் கடைசி இடம். அதனால் அது சிறிய கிளப் ஆகிவிட்டது என்று கல்கத்தாவில் எவரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே ஆதரவாளர்கள்தான் கிளப், கூட்டம்தான் அளவு என்று முடித்துவிடலாமா? இங்கே எனக்குத் தயக்கம் இருக்கிறது. 1975 செப்டம்பர் 30 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டது. மோகன் பகான் ஒன்றுகூடப் போடவில்லை. மோகன் பகான் ரசிகர் ஒருவர் அன்று உயிரை விட்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில் காலரியில் கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். பார்க்கப் போனவர்கள். இதையும் 'பெரிய கிளப்' என்பதன் வரவு-செலவில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பொய்க்கணக்கு. கூட்டம் வீங்குவதும் ஒன்று வளர்வதும் வேறு வேறு.

இனி ஊரின் அளவு. காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி இரண்டு லட்சம் பேர். சின்ன ஊர், சின்ன கிளப் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பிரான்சில் கேன்காம் என்ற ஊரில் சுமார் ஏழாயிரம் பேர். அந்த ஊர்க் கிளப் 2009லும் 2014லும் பிரெஞ்சுக் கோப்பையை வென்றது. அதன் ஸ்டேடியத்தில் ஊர் ஜனத்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் உண்டு. இன்னும் நெருக்கமான உதாரணம் ரெயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் காரைக்கால் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. அங்கே சேன் பியேர் என்ற ஊரின் கிளப், ஜே.எஸ். சேன் பியெர்ருவாஸ். கேமரூனின் ரோஜர் மில்லா 1990 உலகக் கோப்பைக்குப் போகுமுன் ஆடிக்கொண்டிருந்தது அந்தத் தீவுக் கிளப்பில்தான். திமித்ரி பாயே சிறுவனாக ஆடியதும் அங்கே. பிரெஞ்சுக் கோப்பையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்ளலாம். கடல் கடந்த பிரதேசங்களுக்கும் இடம் உண்டு. 2020 ஜனவரியில் அவர்கள் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய் இரண்டாம் பிரிவு அணியான நியோரை 2–1 என்று வென்றார்கள். அடுத்த சுற்றில் தோற்றார்கள்.

அந்த அடுத்த சுற்றுத் தோல்வியைத்தான் நான் பொறாமையோடு நினைக்கிறேன். தோற்பதற்கு அவர்களுக்கு ஒரு ஏணி இருந்தது. எங்கள் ஊர் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் வந்தது. வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வரைபடம் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. நாகப்பட்டினம் இருபது கிலோமீட்டருக்குள். ஆனால் அது வேறு மாநிலம், வேறு சங்கம். எங்கள் சங்கம் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். எங்கள் பையன் மாவட்ட அணிக்கு ஆடி, மாநில அணிக்கு ஆடி மேலே போக வேண்டுமென்றால், முதலில் சுற்றியிருக்கும் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும். கால் மணி நேரத்தில் போய் ஆடக்கூடிய எதிரணி அவனுடைய கணக்கில் சேராத எதிரணி. நாட்டின் மேல்மட்டத்திலும் ஏணி வெகுகாலம் இல்லை. சூப்பர் லீக்குக்குக் கீழிருந்து ஆடி ஏறிய முதல் கிளப் பஞ்சாப், அது 2023ல்தான். சில கிளப்புகளின் சிறுமை அவற்றின் சுபாவமல்ல. வரைபடம் செய்த காரியம்.

ஆனாலும் ஏணி மட்டும் இருந்தால் போதாது. எங்கள் கிளப்புக்கு ஏணி இருந்திருந்தால், கூட ஏற யார் இருந்தார்கள்? பையன்கள் பதினெட்டு வயதில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கோ வளைகுடா விசாவுக்கோ போய்விடுவார்கள். ஒவ்வொரு மூன்று வருஷத்துக்கும் புதுப் பதினொரு பேர்.

தகரப் பெட்டியைத் திறந்து பாஸ் புத்தகங்களை எடுத்துவந்தேன். வங்கிக்காரனுக்குப் பாஸ் புத்தகம் படிப்பது பழக்கமான வாசிப்புதான். ஜூன் மாதம் சந்தா வரும்; ஆகஸ்ட், செப்டம்பரில் பஸ் செலவுக்கு எடுப்பார்கள்; மார்ச்சில் மிச்சம் கட்டுவார்கள். வருஷா வருஷம் இதே லயம். ஒரே ஒரு இடத்தில் லயம் முறிகிறது. 2005 ஜனவரி 7: எடுத்தது 11,500. குறைந்தபட்ச இருப்பு மட்டும் மீதி. அப்பாவின் நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக 'பட்டினச்சேரி – அரிசி, பாய், மண்ணெண்ணெய்' என்று இருக்கிறது. சுனாமி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பட்டினச்சேரி மீனவக் கிராமம். எங்கள் கிளப்பில் அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் ஆடினார்கள். புது வலை வாங்கச் சேர்த்து வைத்த பணம் அது. அந்த வருஷம் ஜூனில் வந்த முதல் வரவு 50 ரூபாய். கிழிந்த வலையோடு மேலும் எட்டு வருஷம் ஆடியிருக்கிறார்கள்.

மூன்று புத்தகத்தையும் முழுக்கப் படித்தேன். எலியட் கேட்டது இதைத்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வரியைப் பொறுக்கி எடுத்தால் இதில் ஒன்றும் நிற்காது. முழுக்கப் படித்தால்தான் அந்த 50 ரூபாய்க்கு அர்த்தம் வருகிறது.

அடுத்த வாரம் பென்ஷன் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலத்தில் லெஃப்ட் விங். சொல்தாவாகப் பிரெஞ்சுப் படைக்குப் போன அண்ணனைப் பின்தொடராமல் ஊரிலேயே தங்கிவிட்டவர். 'பாய், கிளப் கணக்குல நாலாயிரத்துச் சொச்சம் கிடக்கு' என்றேன்.

'நம்ம கிளப்பா?' என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'மெட்ராஸ்காரன்ககிட்ட ஏழு கோல் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா தம்பி? நீ பின்னால உட்கார்ந்து புஸ்தகம் படிச்சிக்கிட்டிருந்தே.'

அன்று அவர் ஆடவில்லை. ஆடுவதை நிறுத்தி அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றவர் 'வாங்கினோம்' என்கிறார். அந்த விகுதியைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மொழிக்கு இந்த இடத்தில் கண் தெரியாது. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்கிறவனை வெளியே நிறுத்துவது ஒன்று, உள்ளே சேர்த்துக்கொள்வது இன்னொன்று. 'வாங்கினோம்' என்ற வினைமுற்றில் இரண்டும் ஒளிந்திருக்கிறது. ஆனால் அவர் முதலில் சொன்ன 'நம்ம' சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கைதட்டாமல் அடக்கிக்கொண்ட பத்து வயதுப் பையனையும் அந்த ஏழு கோலுக்குள் சேர்த்துவிட்டார்.

நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் இதுவாக இருக்கலாம். ஒரு கிளப் தன் தோல்வியை யார் யாரிடமெல்லாம் 'நாம்' என்று சொல்ல முடிகிறதோ அதுவே அதன் எல்லை. ஜெயித்ததை எல்லோரிடமும் 'நாம்' என்று சொல்லிவிடலாம்; அதற்குச் செலவு கிடையாது. ஈடன் கார்டன்ஸில் அன்று மோதியவை இரண்டு 'நாங்கள்'. எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தாலும் 'நாங்கள்' பெரிதாவதில்லை, கனமாகத்தான் ஆகிறது. சென்னை சிட்டி பட்டம் வென்ற அன்று எனக்குச் சொல்லக் கிடைக்காதது அந்த ஒரு சொல்தான்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சில நூறு பிரதி அச்சடித்து, சந்தா தீர்ந்ததும் நின்றுபோகும் காரியத்தில் இருக்கிறோம். சிறுமையை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் நம்மிடம் உண்டு. அதில் நாம் எழுதுவது பெரும்பாலும் 'நாங்கள்' என்றே எனக்குப் படுகிறது.

பெரியவரிடம் விதியைச் சொன்னேன். கணக்குக்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் கிளப் கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, மினிட் புத்தகத்தின் நகலோடு வரவேண்டும்.

'நான் காரியதரிசி, நீ பொருளாளர். போதுமா?' என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சிரித்து வைத்தேன். 'உங்கப்பா இருந்தா இதுக்குள்ள ரசீது புஸ்தகம் அடிச்சிருப்பாரு' என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணிப் பார்க்காமல் மடித்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் பட்டியலை அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. கோரப்படாத கணக்குகளின் பெயர்களை வங்கிகள் வெளியிட்டாக வேண்டும். அவற்றைத் தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023ல் ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறது. நான் எழுதாமல் விட்ட பெயர் தேடுகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும். பணம் அந்த நிதிக்குப் போய்விட்டாலும் உரியவர் எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், காலக்கெடு கிடையாது, வட்டியும் உண்டு என்பதை வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமாகச் சொல்கிறவன் நான்.

உரியவர் என்று நிரூபிக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தயாராக இருக்கிறது. மினிட் புத்தகம் ஒன்று நேற்று வாங்கினேன். முதல் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.